பத்தியத்துக்கு ஒரு சேவல்

ஒத்தக்கடையில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, மேலூர் சாலையில் புதிதாக முளைத்த கறிக்கடைகளில் பாதிக்கு மேல் 'நாட்டுக்கோழி கிடைக்கும்' என்று பலகை வைத்தார்கள். அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பண்ணையில் தீவனம் போட்டு ஊத வைத்த கலப்புக் கோழிக்கு இறகு கொஞ்சம் கறுப்பாக இருந்துவிட்டால் போதும், அது நாட்டுக்கோழி. இரண்டு முறை வாங்கி ஏமாந்தேன். மூன்றாவது முறை கடைக்காரரிடம் கேட்டே விட்டேன், இது எந்த நாட்டுக் கோழி என்று. அவர் சிரித்துக்கொண்டே ஈரலைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். சண்டை போடவும் வழியில்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்த அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். பிரசவம் ஆனதும் பத்தியத்துக்கு இளஞ்சேவல் அடித்துச் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சேவல் கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது. நம் வீட்டில் பொரித்து, நம் கண் முன்னால் மண்ணைக் கிளறித் தின்று வளர்ந்ததாக இருக்க வேண்டும். ஒன்று போதாது, நாலைந்தாவது வேண்டும். கணக்குப் போட்டால் சரியாக வந்தது. இப்போது அடை வைத்தால், அவள் பிரசவத்துக்கு வரும்போது சேவல்கள் பதமாக இருக்கும்.

காகிதத்தில் எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வரும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். கோழியின் செரிமான மண்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். உயிரோடு இருக்கும் கோழியை அதற்கு முன்னால் கையால் பிடித்ததில்லை.

என் கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். பகலெல்லாம் வீட்டில் இருக்கிறவர் அவர்தான். காலையில் நான் மாட்டுத்தாவணி போய் பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். ஆகவே கோழி வளர்ப்பு அவர் பொறுப்பு என்று ஆயிற்று. அவர் நல்ல மனிதர். அவரோடு எனக்கிருக்கும் பிரச்சினையே அதுதான். எதையும் விரட்டமாட்டார்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் ஊரிலிருந்து இரண்டு பெட்டைகள் வாங்கிவந்தோம். ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி. சேவல் வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். விடியும் முன்னால் கூவி அக்கம்பக்கத்தை எழுப்புமாம், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். சேவல் இல்லாமல் முட்டை எப்படிப் பொரியும் என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. எனக்கும் பெட்டைகளை வாங்கி வீட்டில் விட்ட பிறகுதான் உறைத்தது என்பதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தக் குறையைப் பின்வீட்டுச் சேவல் தீர்த்துவைத்தது.

பின்வீட்டுக்காரர்கள் இந்த ஊரிலேயே வழிவழியாக விவசாயம் பார்த்தவர்கள். எங்கள் தெருவில் இருக்கும் மனைகள் பாதி அவர்கள் வயல்தான். விற்றது போக மிச்சம் ஒரு வீடும் தொழுவமும், ஆனைமலை அடிவாரம் பக்கமாகக் கொஞ்சம் நிலமும். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர். அந்த வீட்டம்மாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சர் என்பார். அவருடைய வீட்டுக்காரர் நான்குவழிச் சாலையில் வண்டியோடு விழுந்து, இடுப்பில் தகடு வைத்து, கட்டிலில் கிடந்தார். அவர் எழுந்து தன் காலால் நடந்துவிட்டால் கருப்பு சாமிக்குச் சேவல் அறுப்பதாக மதினி நேர்ந்து, செவலையும் கறுப்புமாக ஒரு சேவலை விட்டிருந்தார். சாமிக்கு விட்டதைக் கட்டக் கூடாது, அடைக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அது எங்கே வேண்டுமானாலும் போகும், எதை வேண்டுமானாலும் தின்னும்.

அது எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. கொடியில் ஏறி உட்கார்ந்து இவருடைய வெள்ளை வேட்டியில் எச்சம் போட்டது. மொட்டைமாடியில் காயவைத்த வடகத்தை மிதித்துத் தின்றது. நான் கோழிகளுக்கு வைத்த தவிட்டையும் உடைத்த கம்பையும் முதல் ஆளாக வந்து காலிசெய்தது. ஒருநாள் சமையலறைக்குள் வந்து அரிசிப் பானை மேல் நின்றது. நான் துடைப்பத்தை எடுத்தேன்.

"டீச்சர், அத அடிச்சிராதீங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அது எங்க கோழி இல்ல. சாமி கோழி."

"சாமி கோழின்னா சாமி வீட்ல இருக்கவேண்டியதுதானே மதினி" என்றேன்.

"அதுக்கு எல்லா வீடும் ஒண்ணுதான டீச்சர்."

துடைப்பத்தைக் கீழே போட்டேன். சேவல் அவசரமே இல்லாமல் இறங்கி நடந்து வெளியே போனது. இவர் வாசலில் நின்றுகொண்டு அதற்கு வழிவிட்டார்.

கறுப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தபோது மதினிதான் வந்து முட்டைகளை வைத்துக் கொடுத்தார். கூடையில் மணலைப் பரப்பி, முட்டைகளுக்கு நடுவே ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடாமல் இருக்க வேண்டுமாம். அவர் போனதும் நான் ஆணியை எடுத்து வெளியே எறிந்தேன். இருபத்தோரு நாள் கழித்துப் பொரித்ததில் மூன்று முட்டை கெட்டுப்போயிருந்தது. மதினி கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "ஆணி எங்க டீச்சர்?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு பாடமே நடத்தினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "சரித்தான், எடுத்திட்டீங்களாக்கும்" என்றார்.

குஞ்சுகள் பத்துக்கு மேல் இருந்தன. பொரித்த அன்று அவற்றைப் பார்க்க எனக்கே மனசு நிறைந்து போயிற்று. அந்த நிறைவு இரண்டு நாள் கூட நிற்கவில்லை. முதல் குஞ்சைக் காக்கை தூக்கியது. இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுத்ததைப் பக்கத்துக் காலிமனை முட்புதரிலிருந்து வந்த கீரி கொண்டுபோனது. இன்னொன்று தண்ணீர்த் தொட்டியின் மூடி விலகியிருந்த சந்தில் விழுந்தது. மூடியை விலக்கி வைத்தது யார் என்று கேட்டால் வீட்டில் இருக்கும் இரண்டு பேரில் யாரும் இல்லை.

பஞ்சாரம் வாங்கிப் போட்டு, குஞ்சுகளையும் தாயையும் அதற்குள் கவிழ்த்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பஞ்சாரம் ஒரு ஓரமாக நிற்கும், குஞ்சுகள் தெருவில் திரியும். "உள்ளயே கெடந்தா பாவமா இருக்குல்ல" என்பார் இவர். பருந்து வட்டமிடுகிறது என்று யாரோ டீக்கடையில் யோசனை சொல்லி, ஒருநாள் குஞ்சுகளுக்கெல்லாம் சாயம் பூசிவைத்திருந்தார். ரோஸ் கலரில் நாலு, பச்சையில் நாலு. நிறத்தைப் பார்த்தால் பருந்துக்குக் குழப்பமாகி விட்டுவிடுமாம். பருந்துக்குக் குழப்பம் வந்ததோ இல்லையோ, தாய்க்கோழிக்கு வந்துவிட்டது. பச்சைக் குஞ்சுகளைக் கிட்டவே சேர்க்காமல் கொத்தி விரட்டியது. நான் கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் உட்கார்ந்து, பச்சைக் குஞ்சுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துணியில் துவட்டினேன். சாயம் முழுக்கப் போகவில்லை. இவர் செல்போனில் மகளைக் கூப்பிட்டு, குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உனக்காகத்தான்டி இம்புட்டுப் பாடும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இவ்வளவும் நான் சமாளித்துவிட்டேன். காக்கைக்கு வலை கட்டினேன், கீரி வரும் ஓட்டையைக் கல் வைத்து அடைத்தேன், தொட்டி மூடி மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். சமாளிக்க முடியாதது வெள்ளைக்கழிச்சல் நோய்.

குஞ்சு பொரித்த முதல் வாரமே கண்ணிலும் மூக்கிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டாயிற்று. அதற்குப் பிறகு எட்டாவது வாரம் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் முதலில் விட்ட மருந்தின் பலன் நிற்காது. இதை நான் எல்லோருக்கும் விளக்கினேன். கால்நடை மருந்தகத்துக்கு ஒரு சனிக்கிழமை போனேன். அங்கே இருந்தவர், ஐஸ் போட்ட பிளாஸ்க் கொண்டுவந்தீங்களா என்று கேட்டார். இல்லை. அடுத்த சனிக்கிழமை பிளாஸ்கோடு போனேன். அன்றைக்கு வேறு ஒரு சங்கடம் சொன்னார்கள்.

"மேடம், ஒரு பாட்டில்ல நூறு கோழிக்கு மருந்து இருக்கு. கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துல போட்டு முடிக்கணும். எட்டுக் குஞ்சுக்கு ஒடைச்சா மிச்சத்தக் கீழதான் ஊத்தணும். தெருவுல இருக்கிற கோழியெல்லாம் சேத்துக்கிட்டுச் சொல்லுங்க, நானே வந்து போட்டுத் தாரேன்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துவதற்கு ஆள் கிடைக்கவில்லை. வீடு வீடாகப் போனேன். எங்கள் தெருவிலும் அதற்கு அடுத்த தெருவிலும் கோழி வளர்க்காத வீடு குறைவு. கோழிக்குப் போய் ஊசியா என்று சிரித்தார்கள். ஊசி போட்டால் முட்டை வைக்காது என்றார்கள். ஒருவர், சின்ன வெங்காயத்தையும் மஞ்சளையும் அரைத்து உருட்டிப் போடுங்கள், எல்லாம் சரியாகும் என்றார். ஒரு வீட்டில் எனக்குக் காபி கொடுத்து உட்காரவைத்து, ஊசி மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடு அது. நோய்த்தடுப்பு பற்றி அந்தப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள்.

மதினி ஒத்துக்கொண்டால் மற்றவர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் வார்த்தைக்கு அந்தத் தெருவில் மரியாதை உண்டு. அவரிடம் கடைசியாகப் போனேன்.

"எங்க வீட்டுக் கோழிக்கெல்லாம் போட்டுக்கங்க டீச்சர்" என்றார். "சேவலுக்கு மட்டும் வேணாம்."

"அதுதான் மதினி தெருத்தெருவாச் சுத்துது. அதுக்குத்தான் மொதல்ல போடணும்."

"சாமிக்குன்னு விட்டுட்டு, அதுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னு நான் மருந்து போட்டா என்ன அர்த்தம்? சாமிய நம்பலைன்னுதான் அர்த்தம்."

"அப்ப அண்ணனுக்கு மட்டும் பெரியாஸ்பத்திரியில தகடு வச்சீங்களே. அது நம்பாமலா?"

கேட்டிருக்கக் கூடாது. ஜன்னலுக்குள் கட்டிலில் அந்த மனிதர் படுத்திருந்தார். மதினி கோபப்படவில்லை. "அவரு என் புருசன் டீச்சர். இது சாமிக்குச் சொந்தம். சாமிக்குச் சொந்தமானதுல நான் எப்படிக் கைவைப்பேன்?" என்றார். நான் வீட்டுக்குத் திரும்பினேன். அவர் தயங்கியது தெரிந்ததும் தெருவில் மற்றவர்களும் கையை விரித்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் எப்படியும் ஆள் சேர்த்துவிடலாம் என்று இவர் ஆறுதல் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வருவதற்குள் சாமி சேவல் கழுத்தைத் திருகிக்கொண்டு எங்கள் முருங்கை மரத்தடியில் நின்றது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருந்தது. நடந்தால் பின்னால் போயிற்று. நான் சுவர் அருகே நின்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டேன், அதைப் பிடித்துத் தனியாக ஒரு கூடையில் போடுங்கள் என்று. மதினி அழுதுகொண்டே தலையாட்டினார், முடியாது என்று. நானே பிடித்து அடைத்திருக்கலாம். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். அவங்க வீட்ல ஆளு படுத்துக் கெடக்காரு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நம்ம மேல வரும்" என்றார். அவர் பேச்சைக் கேட்டு நான் நின்றதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சேவல் செத்தது. அதன் பிறகு என் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. காலையில் நன்றாக இரை எடுத்தது சாயங்காலம் சிறகைத் தொங்கப்போட்டு நிற்கும். விடிந்தால் விறைத்துக் கிடக்கும். இவர் கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுவார், நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். தாய்க்கோழியும் போயிற்று, புள்ளிக்கோழியும் போயிற்று. வகுப்பில் பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் பாடும்போது கூட எனக்கு அந்தச் சேவலின் திருகிய கழுத்துதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. பல மாதப் பாடு. மகள் வர இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. அடுத்த அடைக்கு நேரமில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. செவலையும் கறுப்புமாக, வால் வளைந்து, கழுத்து மின்னிக்கொண்டு நின்ற ஒரு இளஞ்சேவல். இறந்த சாமி சேவலை அப்படியே சின்னதாக்கி வைத்த மாதிரி இருந்தது. அதில் என்ன ஆச்சரியம்? அப்பன் அதுதானே.

ஒருநாள் மதினி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இதைத்தான் சொன்னார். அவர் வீட்டுக்காரர் அப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நாலு எட்டு வைக்க ஆரம்பித்திருந்தார்.

"டீச்சர், பூசாரிட்டக் கேட்டேன். விட்டது செத்துப்போச்சுன்னா அதோட வித்து எங்கயாவது இருந்தா அத விடலாம்னாரு. வேற சேவல் எடுத்தா அம்புட்டு விசேசம் இல்லையாம். உங்க வீட்ல நிக்கிறது அதோட வித்துதான."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தலைக்கு ஏறிவிட்டது. ஊசி போடாதே என்று நின்றவர், அடைக்கமாட்டேன் என்று நின்றவர், என் குஞ்சுகள் அத்தனையும் குழிக்குள் போகக் காரணமாக இருந்தவர், மிஞ்சியிருக்கும் ஒன்றையும் கேட்கிறார். அதுவும் கருப்புக்கு. எங்கள் சர்ச் சபையில் யாருக்காவது தெரிந்தால் என் முகத்தில் யார் விழிப்பார்கள்? கொட்டித் தீர்த்துவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. "என் மகளுக்குன்னு வச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. தரமாட்டேன்" என்று முடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "மகளுக்குன்னா சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"குடுத்திருக்கலாம்" என்றார் இவர் உள்ளேயிருந்து. "அந்தச் சேவல் இல்லைன்னா நமக்குக் குஞ்சே இல்லியே." அவரோடு நான் இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சேவலை நான் காத்த மாதிரி என் மகளைக்கூடச் சின்ன வயதில் காத்ததில்லை. பஞ்சாரத்தின் மேல் கல் வைத்தேன். மருந்தகத்து ஆளைப் பழங்காநத்தத்தில் இருக்கும் அவர் வீடு வரைக்கும் துரத்திப் போய்ப் பேசி, வேறொரு தெருவில் பாட்டில் உடைக்கும் அன்று இதற்கும் ஊசி போட்டுவிட்டேன். மதினி என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசினார், ஆனால் சேவலைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. அவர் வீட்டுக்காரர் வாக்கரை விட்டுக் கம்புக்கு மாறி, ஒருநாள் டீக்கடை வரைக்கும் தன் காலால் போய்விட்டு வந்தார். தெருவே நின்று பார்த்தது. மதினி சிரித்தார், ஆனால் அவர் முகத்தில் ஒரு பதைப்பு இருந்தது. நேர்ந்தது பலித்துவிட்டது, கொடுக்க வேண்டியது கையில் இல்லை. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் நான் கல்லைப் பஞ்சாரத்தின் மேலிருந்து எடுக்கவில்லை.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, பூண்டும் பால்சுறாவுமாகச் சில நாள் போயிற்று. சாறு கொடுக்கும் நாள் வந்தது. அன்று காலையில்தான், இத்தனை மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூட யோசிக்காத ஒரு விஷயம் எங்கள் முன்னால் வந்து நின்றது. சேவலை யார் அறுப்பது?

எங்கள் வீட்டில் கறி எப்போதும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில்தான் வரும். இவர் சேவலைக் கட்டைப்பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். ஒரு மணி நேரம் கழித்து அதே பையில் சேவலை உயிரோடு கொண்டுவந்தார். "கூட்டமா இருக்கு" என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் கறிக்கடையில் என்ன கூட்டம்? பையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்த சேவலின் கொண்டையை இவர் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இங்க குடுங்க" என்று வாங்கினேன். அடுக்களைக் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இறக்கை இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். அது துள்ளவில்லை. தவிடு வைக்கிற கைதானே என்று சும்மா இருந்தது. அதன் கழுத்துச் சூடு என் உள்ளங்கையில் துடித்தது. கத்தியைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்தேன். திரும்ப வைத்தேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அறுக்கவும் துப்பில்லாமல் யாருக்காக இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தேன்? உள்ளே குழந்தை வீறிட்டது. மகள், "அம்மா, பசிக்குதும்மா" என்றாள்.

சேவலைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனேன். வேறு வழியில்லை.

"மதினி."

அவர் தொழுவத்திலிருந்து வந்தார். என் கையில் இருந்த சேவலைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். "இருங்க, அருவாமனை எடுத்துட்டு வாரேன்" என்றார்.

சுற்றிக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வந்து, சேவலை வாங்கினார். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். எனக்குள் ஒரு எண்ணம் முளைத்துவிட்டது. மதினி இப்போது சாமியை நினைத்துக்கொண்டு அறுத்துவிடுவார். வாய்க்குள் இரண்டு வார்த்தை முணுமுணுத்தால் போதும், நேர்ச்சையும் தீர்ந்தது, என் வீட்டுப் பத்தியமும் ஆயிற்று, கேட்பார் யார்? அப்படி மட்டும் செய்தால், படையலைத் தொடாத எங்கள் வீட்டில் அந்தக் கறியை என் மகளுக்குக் கொடுப்பதா வேண்டாமா? நான் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசைந்தால் பிடித்துவிட வேண்டும் என்று.

அவர் உதடு அசையவில்லை. செம்புத் தண்ணீரைச் சேவலின் அலகில் விட்டார். அது இரண்டு மிடறு குடித்தது. அருவாமனையைக் காலால் மிதித்துக்கொண்டு ஒரே இழுப்பில் முடித்துவிட்டார். துடிப்பு அடங்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தார். இறகு பிடுங்கி, தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, துண்டு போட்டு, ஈரலைத் தனியாக எடுத்துவைத்தார். எல்லாவற்றையும் என் பாத்திரத்தில் போட்டார். தனக்கென்று எதையும் எடுக்கவில்லை.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மதினி, உங்க சாமிய நெனச்சுக்கிட்டா அறுத்தீங்க?"

அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றுதான் முதல்தடவையாக அவர் கண்ணில் என் மேல் கோபத்தைப் பார்த்தேன்.

"கேக்காம எடுத்தா அது திருட்டு டீச்சர். திருட்டச் சாமிக்குக் குடுக்க முடியுமா? நீங்க மகளுக்குன்னு வச்சீங்க. மகளுக்குத்தான் அறுத்தேன்."

"அப்ப உங்க நேர்த்திக்கடன்?"

"அது கெடக்கும். சாமி காத்துக்கிட்டு இருக்கும். பிள்ள பெத்தவ காத்துக்கிட்டு இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, அருவாமனையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். "நின்னுக்கிட்டே இருக்கீங்க. போயி மிளக அரைங்க."

நான் போய் மிளகை அரைத்தேன்.